பூனைக்குச் சீனி வியாதியா? சோற்றுத் தட்டிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தோட்டப்புற வீடுகளில் பூனைக்குச் சாப்பாடு என்றால் சோறும் நெத்தலியும்தான். காலையில் பாண் துண்டை மாப்பாலில் தோய்த்து வைப்பதும் உண்டு. ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை போன்ற நகரங்களில் கடையில் வாங்கும் உலர் தீனி அந்த இடத்தைப் பிடித்து வருகிறது. இரண்டிலுமே மாவுச்சத்து அதிகம். பூனைக்கு நீரிழிவு என்று வைத்தியர் சொன்னதும் 'என்ன மருந்து?' என்று கேட்கிறோம். 'இனி என்ன சாப்பாடு?' என்பதையும் அங்கேயே கேட்டுவிட வேண்டும். அந்தக் கேள்விக்குரிய விபரங்களைத் தமிழில் வாசிக்கக் கிடைக்காமல் பலர் தடுமாறுகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

வந்திருப்பது நீரிழிவுதானா என்பது முதலில் உறுதியாக வேண்டும். தண்ணீர்ச் சட்டி அடிக்கடி காலியாவது, மூத்திரம் பெய்த மணலில் பெரிய கட்டிகள், அந்த இடத்தில் எறும்பு மொய்ப்பது, நன்றாகத் தின்றும் முதுகெலும்பு தெரிய மெலிவது ஆகியவை வழக்கமான அறிகுறிகள். சில பூனைகள் பின்னங்காலின் குதியை நிலத்தில் பதித்து நடக்கும். சீனி நரம்பைத் தாக்கிவிட்டது என்று அதற்குப் பொருள். நடுத்தர வயதைத் தாண்டிய, நலம் அடிக்கப்பட்ட, கொழுத்த கடுவன்களுக்குத்தான் இது கூடுதலாக வருகிறது. ஆனால் வைத்தியரின் மேசையில் எடுத்த ஒரேயொரு இரத்தப் பரிசோதனையை வைத்து முடிவு கட்டக்கூடாது. கூடையில் அடைத்து, வளைவுக்கு வளைவு ஆடும் பஸ்ஸில் கொண்டுபோன பூனைக்குப் பயத்தாலேயே இரத்தச் சீனி (100 மில்லிலீற்றர் இரத்தத்தில்) 300 மில்லிகிராமைத் தாண்டலாம். கடந்த இரண்டு மூன்று வாரங்களின் நிலவரத்தைக் காட்டும் பிரக்டோசமின் பரிசோதனையைக் கேளுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால், பூனை வீட்டில் அமைதியாக இருக்கும்போது சிறுநீர் பிடித்துப் பாருங்கள். மணல் தட்டைக் கழுவி, மணலுக்குப் பதிலாகக் கழுவிக் காயவைத்த சிறு கூழாங்கற்களைப் போட்டால் சிறுநீர் அடியில் தேங்கும். பாமசியில் விற்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டியை அதில் தோய்த்தால் சீனி இருக்கிறதா என்பது ஒரு நிமிடத்துக்குள் தெரிந்துவிடும். கீற்றோனையும் (சீனியைப் பயன்படுத்த முடியாத உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் பொருள்) சேர்த்துக் காட்டும் பட்டியாக வாங்குங்கள். கீற்றோன் தெரிந்து, பூனை வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் அது உணவை மாற்றிப் பார்க்கும் நேரமல்ல. அன்றே வைத்தியரிடம் போக வேண்டும்.

பூனை முழுக்க முழுக்க இறைச்சி தின்னப் பிறந்த பிராணி. சாப்பிட்டதும் இரத்தத்தில் ஏறும் சீனியைச் சட்டென்று பிடித்து வைக்கும் குளுக்கோகைனேஸ் என்ற நொதி, மனிதனின் ஈரலில் இருப்பதுபோல் பூனையின் ஈரலில் வேலை செய்வதில்லை. தனக்குத் தேவையான சீனியை அது புரதத்திலிருந்தே நாள் முழுக்க உண்டாக்கிக்கொள்கிறது. வெளியிலிருந்து போகும் சோறும் பாணும் அதற்கு மேலதிகச் சுமைதான். இங்கே நம் வீடுகளில் ஒரு தவறு நல்லெண்ணத்தோடு நடக்கிறது. நீரிழிவுள்ள அப்பாவுக்குச் சிவப்பரிசியும் குரக்கனும் நல்லது என்பதால் பூனைக்கும் அதையே கொடுக்கிறார்கள். சிவப்பரிசியும் அரிசிதான், குரக்கனும் மாவுதான். சீனி போடாத பிஸ்கட்டும் அப்படியே. பாகற்காய்ச் சாறு, வெந்தயம் ஆகியவற்றாலும் பூனைக்குப் பயன் இல்லை. அப்பாவின் நீரிழிவு மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. சில மாத்திரைகள் சீனியை அடிமட்டத்துக்கு இறக்கி உயிரையே எடுத்துவிடும்.

கணக்கைப் பார்ப்போம். அளவான உடம்புள்ள 4 கிலோப் பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். 100 கிராம் சோற்றில் 130 கலோரி இருக்கிறது. அதில் 28 கிராம் மாவுச்சத்து. கொஞ்சம் நெத்தலியும் சேர்த்துக்கொண்டாலும் அந்தப் பூனை தின்ற சக்தியில் பாதிக்கு மேல் மாவுச்சத்திலிருந்தே வருகிறது. நீரிழிவுப் பூனைக்கு அது 10 முதல் 12 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும்.

கடைத்தீனியின் பொதியில் மாவுச்சத்தின் அளவு பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். புரதம், கொழுப்பு, நார், சாம்பல் (தாது உப்புகள்), ஈரம் ஆகிய ஐந்தையும் கூட்டி 100இலிருந்து கழித்தால் மிஞ்சுவது மாவுச்சத்து. பிறகு புரதத்தையும் மாவுச்சத்தையும் தனித்தனியே 3.5ஆலும், கொழுப்பை 8.5ஆலும் பெருக்கினால் ஒவ்வொன்றின் கலோரியும் வரும். ஒரு உலர் தீனியில் புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, சாம்பல் 8, ஈரம் 10 என்று வையுங்கள். மிச்சம் 38. கலோரியாகப் பார்த்தால் 105, 85, 133, மொத்தம் 323. ஆக மாவுச்சத்தின் பங்கு 41 சதவீதம். ஒரு டின் உணவில் புரதம் 10, கொழுப்பு 5, நார் 1, சாம்பல் 2, ஈரம் 80 என்றால் மிச்சம் 2தான். அதன் பங்கு 8 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். சாம்பலின் அளவு அச்சிடப்படாவிட்டால் டின்னுக்கு 2 என்றும் உலர் தீனிக்கு 8 என்றும் வைத்துக்கொள்ளலாம். 'தானியம் இல்லை' என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்பி ஏமாறாதீர்கள். அரிசிக்குப் பதிலாக உருளைக்கிழங்கும் பட்டாணியும் உள்ளே இருக்கும்.

டின்னிலும் வித்தியாசம் உண்டு. அரைத்து இறுக்கமாக அடைத்த வகையில் மாவு குறைவு. குழம்போடு மிதக்கும் துண்டுகள் உள்ள சிறு பக்கற்றுகளில் குழம்பைத் தடிப்பாக்க மாச்சத்து சேர்ப்பார்கள். குட்டிகளுக்கான டின் உணவில் பெரும்பாலும் மாவு குறைவாக இருப்பதால், நீரிழிவுக்கென்றே செய்த உணவு கிடைக்காத ஊரில் அது கைகொடுக்கும். கொழுப்பு கூடுதல் என்பதால் பருத்த பூனைக்கு நிறுத்துக் கொடுக்க வேண்டும்.

டின் வாங்கிக் கட்டுப்படியாகாதவர்களே இங்கு அதிகம். அவர்களுக்குக் கோழிதான் வழி. எலும்பும் தோலும் நீக்கிய தொடை இறைச்சி 850 கிராம், கோழி இதயம் 100 கிராம், ஈரல் 50 கிராம் எடுத்துச் சிறு துண்டுகளாக்கி, மூழ்கும் அளவு தண்ணீரில் சிறு தீயில் வேகவையுங்கள். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். பூனைக்கு இன்றியமையாத டோரின் என்ற சத்து அந்தத் தண்ணீரில்தான் இறங்கியிருக்கும்; டோரின் குறைந்தால் கண் குருடாகும், இதயம் வீங்கும். பாமசியில் டோரின் கப்சியூல் கிடைத்தால் இந்த 1 கிலோவுக்கு 2,000 மில்லிகிராம் கலக்கலாம். முட்டை ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாக இடித்து மட்டமாக ஒரு தேக்கரண்டி சேர்க்க வேண்டும். தனி இறைச்சியில் கல்சியம் மிகக் குறைவு. அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் எலும்பு மெலிந்து உடையும். ஈரலைச் சொன்ன அளவுக்கு மேல் போடாதீர்கள், விற்றமின் ஏ நஞ்சாகிவிடும். வெங்காயம், உள்ளி கூடவே கூடாது. அவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். கறிச்சட்டியின் மிச்சத்தைக் கொடுக்கக்கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். ஒரு 4 கிலோப் பூனைக்கு இந்தச் சமையல் 6 நாளளவில் வரும். குளிர்சாதனப் பெட்டியில் 2 நாளைக்குரியதை மட்டும் வைத்து, மீதியை உறையவைத்துக்கொள்ளுங்கள். விற்றமின் ஈ, பி1, அயடீன், நாகம் (துத்தநாகம்) போன்றவை இதில் போதாது. ஆகவே இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் இதை மட்டுமே கொடுப்பதானால் என்ன சத்துத்தூள் சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும், அல்லது நிறையூட்டமுள்ள டின் உணவோடு பாதிக்குப் பாதி கொடுக்க வேண்டும். மனிதருக்கான டின் மீன் உப்புத் தண்ணீரில் அடைத்ததாக இருந்தால் கழுவி வாரத்துக்கு இரண்டு முறை கொடுக்கலாம். நாள்தோறும் மீன் வேண்டாம். பச்சை மீனும் வேண்டாம்.

உணவை ஒரே நாளில் மாற்றக்கூடாது. முதல் இரண்டு நாள் பழையதில் கால் பங்கைக் குறைத்துப் புதியதைச் சேர்க்க வேண்டும். பிறகு பாதி, முக்கால் என்று 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்றலாம். மலைக்குளிரில் பெட்டியிலிருந்து எடுத்த சில்லிட்ட உணவைப் பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து, கையில் பட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள், வாசம் கிளம்பும். நெத்தலியைப் பொடித்து மேலே ஒரு சிட்டிகை தூவினால் பல பிடிவாதக்காரப் பூனைகள் இறங்கி வரும். 'பசித்தால் தின்னும்' என்று பட்டினி போடுவது பூனையிடம் செல்லாது. இரண்டு மூன்று நாள் வெறும் வயிற்றோடு இருந்தால், குறிப்பாகப் பருத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு அடைந்து உயிருக்கே ஆபத்தாகும். 24 மணி நேரம் எதையும் தொடவில்லையென்றால் பழைய உணவையே கொடுத்துவிட்டு மெதுவாக மறுபடி தொடங்குங்கள். அதிகம் மூத்திரம் பெய்கிறதே என்று தண்ணீரைக் குறைப்பதையும் பார்க்கிறோம். அது கொடுமை. அந்தத் தண்ணீர்தான் பூனையை உயிரோடு வைத்திருக்கிறது.

இனிச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. புதிதாக நோய் கண்ட பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு உணவு மட்டும் போதாது, இன்சுலினும் வேண்டும். இன்சுலின் போட்டுக்கொண்டிருக்கும் பூனையின் மாவுச்சத்தைக் குறைத்தால் அதன் இன்சுலின் தேவையும் சில நாட்களிலேயே இறங்கும். பழைய அளவையே தொடர்ந்தால் சீனி தரைமட்டமாகிப் பூனை தள்ளாடும், நடுங்கும், வலிப்பு வந்து விழும். ஆகவே வைத்தியருக்குச் சொல்லாமல் உணவை மாற்றாதீர்கள். ஒவ்வொரு ஊசிக்கும் முன் இரத்தச் சீனியைப் பாருங்கள். 200 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஊசியைப் போடாமல் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். பூனை சாப்பிடாத வேளையிலும் அப்படியே. மனிதருக்கான குளுக்கோமீற்றர் பூனையின் இரத்தத்தில் உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும், ஆனாலும் ஏற்ற இறக்கம் அறிய அது போதும். காது ஓரத்து இரத்தக்குழாயில்தான் குத்த வேண்டும். நுவரெலியாக் காலையில் காது குளிர்ந்து இரத்தம் வராது. சூடான துணியை ஒரு நிமிடம் ஒற்றி, மெல்லிதாக வாசலின் தடவினால் துளி பரவாமல் முத்துப்போல் நிற்கும். கருவியும் பட்டிகளும் அதிகம் குளிர்ந்திருந்தாலும் வேலை செய்யாது; சற்று நேரம் சட்டைப் பைக்குள் வைத்தெடுங்கள். இன்சுலின் புட்டியில் 40 என்றிருந்தால் 40க்கான சிரிஞ்ச், 100 என்றிருந்தால் 100க்கானது. மாறினால் மருந்து இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும்.

சீனி இறங்கிப் பூனை தள்ளாடினால், விழுங்க முடிகிற பூனைக்குக் கையிலிருக்கும் உணவை உடனே கொடுங்கள். அந்த நேரத்தில் சோறும் நல்லதுதான். மயங்கிக் கிடந்தால் குளுக்கோஸ் மாவைக் குழைத்தோ தேனையோ ஈறில் தேய்க்க வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் கித்துள் பாணியும் உதவும். தொண்டைக்குள் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். தேய்த்துவிட்டு வைத்தியரிடம் ஓடுங்கள், காத்திருக்காதீர்கள்.

பருத்த பூனை வாரத்துக்குத் தன் எடையில் 1 சதவீதமளவில் குறைந்தால் சரி. 6 கிலோப் பூனைக்கு அது 60 கிராம். அதற்குமேல் வேகம் வேண்டாம். பெட்டியில் வைத்துக் கடைத் தராசில் நிறுத்தால் இந்த வித்தியாசம் தெரியும். மெலிந்துபோன பூனைக்குக் கலோரியைக் குறைக்கக்கூடாது. வயதான பூனைக்குச் சிறுநீரகப் பரிசோதனை செய்த பிறகே இறைச்சியைக் கூட்ட வேண்டும். தோல் அரிப்புக்குப் போட்ட ஸ்டீரொய்ட் ஊசியோ குட்டி போடாதிருக்கப் போட்ட ஹோர்மோன் ஊசியோ இருந்தால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். அவை இன்சுலினை வேலை செய்யவிடாது. அந்நிலையில் எந்த உணவாலும் முழுப் பயன் வராது. அழுகிய பல்லும் அப்படித்தான்.

நோய் தெரிந்த முதல் ஆறு மாதத்துக்குள் உணவையும் இன்சுலினையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தால், ஊசியே வேண்டாத நிலைக்குப் பல பூனைகள் திரும்புகின்றன. மனிதரின் நீரிழிவைவிடப் பூனையின் நீரிழிவில் இந்த நம்பிக்கை பெரிது. நான்கு வாரம் ஊசியில்லாமல் சீனி சரியாக நின்றால் நோய் அடங்கியிருக்கிறது எனலாம். சோறு மட்டும் திரும்பி வரக்கூடாது. வந்தால் நோயும் வந்துவிடும்.

லயத்துப் பூனைக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுப் பூனைக்கு, ஒரே வீடு என்று இல்லை. ஆறு காம்பராவிலும் ஆறு கை சோறு வைக்கும். இது அன்பினால் நடப்பது, தடுப்பது கடினம். கழுத்தில் ஒரு சிவப்பு நாடா கட்டி, 'இதற்குச் சோறு, பாண், பால் வேண்டாம், மருந்தில் இருக்கிறது' என்று வரிசை முழுக்கச் சொல்லிவிடுங்கள். கொடுக்க ஆசைப்படும் பிள்ளைகளிடம் ஒரு துண்டு அவித்த கோழியைக் கொடுத்து அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். பூனை பிடிக்கும் எலியில் மாவுச்சத்து மிகக் குறைவு. பக்கத்தில் எலிப்பாஷாணம் வைத்திருக்கிறார்களா என்பதைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உரியவர்களிடம் கேட்க இரண்டு விடயங்கள் உள்ளன. விலங்குத் தீனியை இறக்குமதி செய்வோர் மாவுச்சத்தின் அளவைப் பொதியில் அச்சிட வேண்டும், சாம்பலின் அளவையும் மறைக்கக்கூடாது, தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டும். மலையகத்தின் அரச கால்நடை வைத்திய அலுவலகங்களில் மாட்டுக்கும் ஆட்டுக்கும் இருக்கும் அறிவுறுத்தல்களைப் போல, பூனையின் நீரிழிவு உணவு பற்றியும் ஒரு பக்கத் தமிழ்த் தாள் வைக்கப்பட வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடம் அதை எழுதித் தந்தால் நோய் தெரிந்த அன்றே அது வீட்டாரின் கைக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
கால்நடைச் சிகிச்சைப் பணியாளர் ஒருவர்,
பண்டாரவளை.