குமாரசாமி கண்ட நீலக் கனிமம்

ஆசிரியருக்கு வணக்கம்.

கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். சிவ நடனத்துக்கு அவர் தந்த விளக்கமும் பாஸ்டன் அருங்காட்சியகப் பணியும் நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் 'தொடக்கத்தில் நிலவியல் படித்தார்' என்று ஒரே வரியில் கடந்துபோனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அறிவியலுக்குப் புதிதாக ஒரு கனிமத்தையே சேர்த்தவர் அவர்.

கண்டிக்குப் பக்கத்தில் கங்கபிட்டிய என்ற ஊர். அங்கே சுண்ணாம்புப் பாறையும் கிரானைட் போன்ற பாறையும் சந்திக்கும் இடத்தில் நீல நிறத்தில் ஒரு கனிமம் கிடைத்தது. அதை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனிமவியலாளர் ஜி.டி. பிரயருடன் சேர்ந்து ஆராய்ந்து, 'செரண்டிபைட்' என்ற பெயரில் 1903-இல் குமாரசாமி வெளியிட்டார். அரேபியர் இலங்கையை அழைத்த 'செரண்டிப்' என்ற பெயரே கனிமத்துக்கும் ஆயிற்று. அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை வகித்தவரும் அவர்தான்.

செரண்டிபைட் ஒரு சிலிக்கேட், அதாவது சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். கால்சியம், மெக்னீசியம், அலுமினியத்தோடு போரானும் அதில் உண்டு. போரான்தான் இங்கே சங்கதி. சுண்ணாம்புப் பாறை கடும் வெப்பத்தில் உருமாறும்போது போரானும் வந்து சேர்ந்தால்தான் இது உருவாகும். போரான் இருக்கிற பாறைகளிலும் பெரும்பாலும் தூர்மலின் என்ற வேறொரு போரான் கனிமம்தான் பார்க்கக் கிடைக்கும். செரண்டிபைட் அபூர்வமானது அதனால்தான். பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில் இதன் கடினத்தன்மை ஆறரை முதல் ஏழு, கிட்டத்தட்ட குவார்ட்ஸ் அளவு.

இதன் அழகைப் பார்க்க வேண்டுமானால் பாறையை மெல்லிய சீவலாகத் தேய்த்து, ஒளியை ஒரே தளத்தில் மட்டும் அதிரவிடும் வடிகட்டி பொருத்திய நுண்ணோக்கியில் வைக்க வேண்டும். சீவல் இருக்கும் தட்டைத் திருப்பத் திருப்ப, வெளிர் மஞ்சளாக இருந்த அதே படிகம் கருநீலமாக மாறும். அதே போன்ற இன்னொரு வடிகட்டியையும் குறுக்கே போட்டால், ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்த இரட்டைப் படிகங்களின் கோடுகள் வரிவரியாகத் தெரியும். அந்தக் காட்சியைப் பார்த்த மாணவர் யாரும் அதை மறந்ததில்லை.

பட்டை தீட்டும் அளவுக்குத் தெளிவான கற்கள் இலங்கையில் கிடைத்தது 1990-களில்தான். அப்புறம் மியான்மரின் மோகோக்கிலிருந்தும் வந்தன. மோகோக் கற்கள் பெரும்பாலும் கருப்பாகத் தெரிகிற அளவுக்கு நிறம் அடர்ந்தவை.

குமாரசாமியின் நிலவியல் நாட்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிடுங்கள். கூடவே அந்தப் பாறைச் சீவலின் படத்தையும் வண்ணத்தில் போடுங்கள். கருப்பு வெள்ளையில் போட்டால் பயனில்லை.

– ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர், சேலம்