அந்த டப்பாக்களை ஒருமுறை திறந்து பாருங்கள்

ஐரோப்பியத் திரைப்படக் காப்பகங்களை நடத்துபவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கிடங்கில் ஒரு படத்தைத் தேடச் சொல்லத்தான் இந்த மடல். 1919இல் ஆஸ்கர் மிஷோ எடுத்த 'தி ஹோம்ஸ்டெடர்'. அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஒருவர் இயக்கித் தயாரித்த முதல் முழுநீளப் படம் என்று அதைச் சொல்வார்கள். இன்று ஒரு பிரதிகூட இல்லை.

மிஷோ ரயிலில் போர்ட்டராக இருந்தவர். கையில் சேர்ந்த காசோடு தெற்கு டகோட்டாவுக்குப் போய் நிலம் பிடித்து உழுதார். அந்த வாழ்க்கையை நாவலாக எழுதி, வீடு வீடாக ஏறி இறங்கி விற்றார். ஒரு படக் கம்பெனி அந்த நாவலைக் கேட்டது. நான்தான் இயக்குவேன் என்றார், அவர்கள் மசியவில்லை. சரி, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று பங்குகளை விற்றுப் பணம் திரட்டினார். அதுவரை சினிமா எடுத்த அனுபவம் துளியும் கிடையாது. துணிச்சலா, பிடிவாதமா என்று கேட்டால் பிடிவாதம் என்பேன்.

கிடைக்கும் என்று எந்த நம்பிக்கையில் கேட்கிறேன்? 1920இல் வந்த அவருடைய 'விதின் அவர் கேட்ஸ்' படமும் தொலைந்துபோனதுதான். கறுப்பினக் குடும்பம் ஒன்றை வெள்ளையர் கும்பல் தூக்கில் போடும் காட்சி அதில் உண்டு. சின்னப் பையன் ஒருவன் மட்டும் தப்பி, குதிரையேறி ஓடுகிறான். முந்தைய ஆண்டுதான் இனக்கலவரம் பார்த்திருந்த சிகாகோவில் தணிக்கையாளர்கள் அதைப் பார்த்து மிரண்டார்கள். அப்புறம் பல பத்தாண்டுகள் படத்தையே காணோம். 1970களில் ஸ்பெயினில் 'லா நெக்ரா' என்ற பெயரில் அகப்பட்டது. காட்சிகளுக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளெல்லாம் ஸ்பானிஷ் மொழியில்! அவற்றைத் திரும்பவும் ஆங்கிலமாக்கி, 1993இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் படத்தை மீட்டது. அவருடைய இன்னொரு படமான 'தி சிம்பல் ஆஃப் தி அன்கான்கர்ட்' கிடைத்ததும் பெல்ஜியத்தில்தான். அவர் எடுத்த இருபதுக்கும் மேற்பட்ட மௌனப்படங்களில் மிஞ்சியவை மூன்றே. அதில் இரண்டு உங்கள் பக்கம் இருந்தவை.

அதனால் டப்பாவின் மேல் ஒட்டிய பெயரை நம்பாதீர்கள். முகத்தைப் பாருங்கள். 'விதின் அவர் கேட்ஸ்' நாயகி எவ்லின் ப்ரீயர்தான் 'தி ஹோம்ஸ்டெட'ரிலும் நடித்தார். ஒப்பிட்டுப் பார்க்க அவர் முகம் போதும். அந்தக் காலப் படங்கள் பதிவான நைட்ரேட் ஃபிலிம் கெடும்போது முதலில் பிசுபிசுக்கும், கடைசியில் பழுப்புத் தூளாகிவிடும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். பெயர் எழுதாத டப்பாக்களை முதலில் எடுங்கள். ஒரு ரீல் கிடைத்தாலும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மௌனப்பட ரசிகன் ஒருவன்