அம்மாவையும் சேர்த்துப் பார்

யீஷூன், சிங்கப்பூர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்று படித்ததில் சந்தோஷம், படம் அனுப்பு. இங்கே எல்லோரும் சுகம். அவருக்கு மட்டும் முழங்கால் வலி பழையபடி.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு கோலாலம்பூரில் அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. அரசாங்கப் பள்ளியில் சேர முடியாத பிள்ளைகள் அவர்கள். நீ போகிற அந்தச் சின்ன வகுப்பறைதான் அவர்களுக்குப் பள்ளிக்கூடம். போரில் பட்டதையெல்லாம் பேசவைத்தால் பாரம் இறங்குமா, எப்படிக் கேட்பது என்று எழுதியிருந்தாய். குடும்பச் சேவை நிலையத்தில் இத்தனை வருஷம் ஆலோசகராக இருந்த உரிமையில் சொல்கிறேன்: நீயாகக் கேட்காதே.

பிள்ளை தானாகச் சொன்னால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுக் கேள். தோண்டித் துருவாதே. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் இதைத்தான் சொல்கிறது. முதலில் நிலைமையைப் பார், காது கொடுத்துக் கேள், வேண்டிய உதவியோடு இணைத்துவிடு. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதே. பிள்ளைகளைப் போர்ப் படம் வரையச் சொல்லி, சுவரில் ஒட்டி, பார்க்க வருகிற நன்கொடையாளர்களுக்குக் காட்டுவார்களே, அது எனக்கு அறவே பிடிக்காது. உன் வகுப்பில் அதை நடக்க விடாதே.

அதைவிட முக்கியமாக ஒன்று. பிள்ளையை மட்டும் பார்க்காதே, அம்மாவையும் சேர்த்துப் பார்.

எங்கள் புளோக்கில் இலங்கையின் வன்னிப் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. கணவருக்கு இங்கே வேலை. (உனக்கு எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.) 2009-இல், போரின் கடைசியில், முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. மகனுக்கு இப்போது ஆறு. போரை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. ஆனாலும் இரவில் படுக்கையை நனைக்கிறான், அம்மா குளிக்கப் போனால்கூடக் கதவடியில் உட்கார்ந்துகொள்கிறான் என்று பள்ளியில் ஆரம்பித்து எல்லோரும் குழம்பிப் போயிருந்தார்கள்.

பிப்ரவரி 15 மாலை 6.20-க்கு இங்கே தீவு முழுக்கச் சைரன் ஒலிக்கும், உனக்குத் தெரியும். 1942-இல் ஆங்கிலேயர் ஜப்பானியரிடம் சரணடைந்த நாள். அன்று நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். சைரன் எழும்பியதும் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளையை இழுத்துத் தனக்குக் கீழே போட்டுக்கொண்டு அலமாரி ஓரமாகக் குனிந்துவிட்டாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. அந்தப் பையன் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை, மல்லிகா. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு அவள் சொன்னாள்: "அக்கா, கிபிர் வந்தா பங்கருக்க ஓடோணும் எண்டு காலுக்குத் தெரியும். இது சிங்கப்பூர் எண்டது மண்டைக்கு மட்டுந்தான் தெரியும்." கிபிர் என்றால் அங்கே குண்டு போட்ட போர் விமானம். தேசிய தின ஒத்திகைக்கு விமானங்கள் பறக்கிற சனிக்கிழமைகளில் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாளாம்.

இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் ஆனா ஃப்ராய்டும் டோரதி பர்லிங்கமும் ஹாம்ஸ்டெட்டில் குழந்தைக் காப்பகம் நடத்தினார்கள். குண்டுச் சத்தத்தைவிட அம்மாவைப் பிரிந்ததுதான் பிள்ளைகளை அதிகம் உலுக்கியது என்று எழுதிவைத்தார்கள். அம்மா பதறாமல் பக்கத்தில் இருந்தால் பிள்ளை எவ்வளவோ தாங்கும். ஆகவே அந்த அம்மாவைத் தாங்க ஆள் வேண்டும். யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் பல வருஷமாக எழுதிவருவதும் இதுதான்: போர் தனி ஆளை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது, சிகிச்சையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மூச்சுப் பயிற்சியோடு சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்கு ஜெபமாலை, முஸ்லிம்களுக்கு இறைவன் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் திக்ர் என்று மக்களுக்குப் பழகியதையே அவர் மருந்தாக்கினார். உன்னிடம் மியன்மாரின் ரொஹிங்கியா முஸ்லிம் பிள்ளைகளும் வருவார்கள் என்றாயே, இதை மனதில் வை.

அந்த வன்னிப் பெண்ணைப் பலதுறை மருந்தகம் வழியாக ஓர் உளவியலாளரிடம் அனுப்பினோம். அங்கே தரையில் கயிறு ஒன்றை நீட்டிப் போட்டு, பிறந்த நாள் முதல் நடந்ததை வரிசையாக வைக்கச் சொன்னார்களாம். நல்லதற்குப் பூ, கெட்டதற்குக் கல். கற்களுக்கு நடுவே பூ இத்தனை இருக்கும் என்று தான் நினைக்கவே இல்லை என்றாள். பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய முறை அது; நீ வகுப்பில் செய்து பார்க்காதே. சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில் 31 பிள்ளைகளில் ஒரு பாதிக்கு இப்படி வாழ்க்கைக் கதையும், மறு பாதிக்குத் தியானமும் மூச்சுப் பயிற்சியுமாக ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் பெரும்பாலான பிள்ளைகள் தேறியிருந்தார்கள். எனக்கு அது பெரிய தெம்பு.

போர் பாதித்த இடங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த ஒருவருக்கு மருத்துவர் வேண்டும். மற்ற நான்கு பேருக்கும் வேண்டியது உன்னைப் போன்ற ஆள்தான். தினமும் அதே நேரத்தில் வகுப்பு, அதே இருக்கை, பெயர் சொல்லி ஒரு வணக்கம், விளையாட்டு. மட்டக்களப்பில் 1996-இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள். விளையாட்டென்று அதைக் குறைத்து நினைக்காதே. அப்புறம், பாடத்தில் கவனமில்லாத பிள்ளையைச் சோம்பேறி என்று யாரும் சொல்ல விடாதே. ராத்திரி தூங்கியிருக்காது.

நம் வீடுகளிலேயே பார்த்தோமே. ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போன உன் தாத்தா திரும்பவில்லை. என் தாத்தா திரும்பினார், ஆனால் பேசவில்லை. நடு ராத்திரியில் கத்துவார். "தாத்தாவை எழுப்பாதீங்க" என்பதோடு சரி. அந்தப் பயத்திலேயே வளர்ந்த அப்பா எங்களிடம் எரிந்து விழுந்தார். தாத்தாவுக்கு என்ன என்று விசாரிக்க, 415 கிலோமீட்டர் தண்டவாளம் முழுக்கச் செத்த பல்லாயிரம் பேரைப் பற்றி அவரோடு உட்கார்ந்து அழ, அன்றைக்கு யாருமே இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு நீ இருக்கிறாய்.

செப்டம்பர் 15-இல் மறுபடி சைரன் வந்தது. இந்தத் தடவை அந்த வன்னிப் பெண் முதல் நாளே மகனிடம் சொல்லிவைத்து, இருவரும் ஹாலில் கைகோத்து உட்கார்ந்து எண்ணினார்களாம். அவளுக்குக் கை நடுங்கத்தான் செய்தது. ஆனாலும் எழுந்து ஓடவில்லை. படுக்கை நனைவதும் குறைந்திருக்கிறது.

பிள்ளைகளின் வயதையும் என்ன மொழி பேசுகிறார்கள் என்பதையும் எழுதி அனுப்பு, மூச்சுப் பயிற்சி விளையாட்டுகளைத் தமிழிலும் மலாயிலும் எழுதித் தருகிறேன். ஏதாவது ஒரு பிள்ளை சாக வேண்டும், உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரிப் பேசினால் கடிதம் எழுதிக்கொண்டிராதே. அன்றே அங்குள்ள மருத்துவரிடம் கூட்டிப் போ, எனக்கும் போன் செய்.

அன்புடன்,
சாந்தி