கேங் ஆள்தானே மாமா?

அன்புத் தம்பிக்கு,

தீபாவளியன்று செந்தூல் வீட்டில் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டாயே, "சொஸ்மா பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளே போகிறவன் எல்லாம் கேங் ஆள்தானே மாமா, அவனுக்காக எதற்குக் கொடி பிடிக்கிறீர்கள்?" என்று. எல்லாரும் சிரித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் அது என் பழைய வசனம்.

1987 அக்டோபரில் ஓப்ஸ் லாலாங், மலேசியா முழுக்க நடந்த கைது வேட்டை. வழக்கே இல்லாமல் அடைத்து வைக்கிற இசா சட்டத்தில் 106 பேரை அள்ளிக்கொண்டு போனார்கள், எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங் உட்பட. எனக்கு அப்போது உன் வயது. பட்டறையில் ரேடியோவில் கேட்டவன், கையிலிருந்த ஸ்பேனரைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னமோ செய்திருப்பான், இல்லாமலா பிடிப்பார்கள்?" 1960-இல் கம்யூனிஸ்டுகளுக்கு என்று சொல்லிக் கொண்டுவந்த சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர் வரைக்கும் எப்படி வந்தது என்று யோசிக்கத் தோன்றவில்லை.

உறைக்க இருபது வருஷம் ஆனது. 2007 நவம்பர் 25, மலேசிய இந்தியர் உரிமைக்காக இண்ட்ராப் இயக்கம் நடத்திய பேரணி நாள். விடிவதற்கு முன் பத்துமலைக் கோயிலுக்குள் இருந்தோம். கேட்டைப் பூட்டிவிட்டார்கள். போலீஸ்காரர்கள் தண்ணீர் பீய்ச்சினார்கள், அப்புறம் கண்ணீர்ப்புகை. 140 அடி முருகன் கண்ணுக்குத் தெரியவில்லை தம்பி. யாரோ ஒரு பாட்டி முந்தானையை நனைத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். மூன்று வாரம்கூட ஆகவில்லை, இண்ட்ராப் தலைவர்கள் ஐந்து பேர் இசா கைதிகளை அடைத்து வைத்த கமுந்திங் முகாமில். அதில் நாலு பேர் வக்கீல்கள்.

2012-இல் இசா போய் சொஸ்மா வந்தது. முன்புபோல வழக்கே போடாமல் வருஷக்கணக்கில் அடைத்து வைக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 28 நாள் வரை தடுத்து வைக்கலாம். குற்றம் சாட்டிய பிறகும் பெரும்பாலும் ஜாமீன் கிடையாது. வழக்கு இழுக்கிற வரை உள்ளேதான். 2019-இல் புலிகளோடு தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்களே, இரண்டு சட்டமன்ற உறுப்பினர்களையும் சேர்த்து? அடுத்த பிப்ரவரியில் வழக்கையே கைவிட்டார்கள். அதுவும் நாம் ஓட்டுப் போட்டு மாற்றிய ஆட்சியில்! அந்த நாலு மாசத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

கேங் ஆள் என்றால் கோர்ட்டில் நிரூபிக்கட்டும், நானே கைதட்டுகிறேன்.

நம் வரிசையில் கடைசி வீட்டு அக்கா, மகனைப் பார்க்க என் வண்டியில்தான் சிறைக்குப் போகிறார். அவன் கேங்கா இல்லையா, எனக்குத் தெரியாது. போகும்போது வழியெல்லாம் அவனைப் பற்றியே பேசுவார். திரும்பும்போது ஒரு வார்த்தை வராது. பின் சீட்டில்தான் உட்காருவார். முன் சீட் காலிதான். வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்.

மாமா