கீமா படகுத்துறையில் நடந்தது

அன்புள்ள கயலுக்கு,

டெக்சாஸ் கடற்கரை ஊரான கீமாவில் நீ எடுத்த படங்கள் வந்தன. கூ க்ளக்ஸ் கிளான் என்ற அமெரிக்க வெள்ளை இனவெறி அமைப்பு, அதுதான் கிளான், வெள்ளை அங்கி மாட்டிய நான்கு பைத்தியங்களின் பழங்கதை என்று உன் அலுவலக நண்பர் சொன்னாராம். நீ நின்ற கரையிலேயே நடந்ததைக் கேள்.

1975-இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்த பின் வியட்நாம் அகதிகள் டெக்சாஸ் கரையில் குடியேறி இறால் பிடிக்க இறங்கினார்கள். குடும்பமே படகில் உழைத்தது. டீசல் விலை ஏறிய நேரம் அது, மீன்பாடும் குறைவு. பாடு குறைந்தால் அடுத்த ஊர்ப் படகின் மேல் ஆத்திரம் வருவது நாகப்பட்டினத்துக்காரர்களுக்குப் புதிதா என்ன? ஆனால் அங்கே அந்த ஆத்திரத்துக்காகவே ஒருவர் காத்திருந்தார். வியட்நாமில் ஹெலிகாப்டரில் துப்பாக்கி இயக்கிய லூயிஸ் பீம், டெக்சாஸ் கிளான் தலைவர். ஊர் திரும்பியும் அவருக்குப் போர் ஓயவில்லை. முகாம் போட்டு ஆட்களுக்கு ராணுவப் பயிற்சி கொடுத்தார்.

1981 பிப்ரவரியில் சாண்டா ஃபே என்ற ஊரில் கூட்டம் கூட்டி, 'வியட்காங்' (வியட்நாம் போரில் அமெரிக்காவை எதிர்த்த கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள்) என்று பெயர் எழுதிய படகைக் கொளுத்திக் காட்டினார். மார்ச்சில் கிளான்காரர்கள் அங்கியும் துப்பாக்கியுமாக ஓர் இறால் படகில் ஏறி, கொடும்பாவியைத் தொங்கவிட்டபடி கால்வெஸ்டன் விரிகுடாவைச் சுற்றினார்கள். பட்டப்பகலில், கயல்!

மிரண்டு ஓடாமல் அகதிகள் வழக்குத் தொடுத்தார்கள். விசாரித்தவர் கேப்ரியல் மெக்டொனால்ட், டெக்சாஸின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி. அவர் விலக வேண்டும் என்று கிளான் தரப்பு கேட்டது, அவர் அசையவில்லை. மே மாதம், இறால் பருவம் தொடங்கும் தறுவாயில், மிரட்டலுக்குத் தடை விதித்தார். அடுத்த ஆண்டு பயிற்சி முகாம்களுக்கும் தடை வந்தது.

பீம் தோற்றார், ஆனால் பாடம் கற்றுக்கொண்டார். அமைப்பு இருந்தால்தானே வழக்குப் போட முடியும்? தலைவர் வேண்டாம், உறுப்பினர் பட்டியல் வேண்டாம், தனித்தனியாக இயங்குங்கள் என்று 1983-இல் எழுதினார். மறு ஆண்டே, தொலைபேசிக் கம்பி வழியே கணினிகளை இணைத்து ஆட்களைத் திரட்டத் தொடங்கினார். அப்போது நம் தெருவில் தொலைபேசியே கிடையாது. 1988-இல் ஆர்கன்சாஸின் ஃபோர்ட் ஸ்மித்தில் அவர் உட்படப் பலர் மீது தேசத்துரோக வழக்கு நடந்தது, எல்லோரும் விடுதலை.

1995-இல் ஓக்லஹோமா நகரில் குண்டு வைத்து 168 பேரைக் கொன்ற டிமதி மக்வேயும் முன்னாள் ராணுவ வீரன்தான், வளைகுடாப் போருக்குப் போய் வந்தவன். யாருடைய உறுப்பினர் அட்டையும் அவனுக்குத் தேவைப்படவில்லை.

உன் நண்பரிடம் சண்டை போடாதே. ஃபோர்ட் ஸ்மித் தீர்ப்பு பற்றி மட்டும் கேட்டுப் பார். என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
அப்பா