செங்கோட்டை ஞாயிறு ஆட்டக் குழுவுக்கு: பகடையை எல்லோரும் பார்க்க உருட்டுங்கள்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கும், ஆரியங்காவு, புனலூரிலிருந்து பஸ் பிடித்து வரும் மலையாள நண்பர்களுக்கும்,

நாம் ஆடுவது டி அண்ட் டி, அதாவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டராகி, பகடை உருட்டி, மேசையில் உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டு. அதில் அடுத்த மாதம் தொடங்கும் புதுக் கேம்பைனுக்கு, அதாவது புதுத் தொடர்கதைக்கு, மூன்று முடிவு எடுத்திருக்கிறீர்கள். எல்லோரும் ஐந்தாம் லெவலில், அதாவது ஏற்கெனவே பலம் கூடிய ஆளாகத் தொடங்குவது. ஆட்டத்தை நடத்தும் டி.எம். யாருக்கும் தெரியாதபடி ஒரு மறைப்புக்குப் பின்னால் பகடை உருட்டுவது. ஆடுபவர் சம்மதிக்காமல் எந்தக் கேரக்டரும் சாகக்கூடாது என்பது. எதிர்த்துக் கை தூக்கியது நான் ஒருவன்தான். ஏன் என்று அன்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் டி அண்ட் டி ஆட ஆரம்பித்தது 2001-இல். திருவனந்தபுரத்தில் படித்த அண்ணன், என் பெரியப்பா மகன், 1981-இல் வந்த பேசிக் விதிப் புத்தகத்தின் ஜெராக்ஸ் ஒன்றை ஹாஸ்டலிலிருந்து கொண்டு வந்தார். இருபது முகப் பகடை எங்களிடம் கிடையாது. ஒன்று முதல் இருபது வரை சீட்டு எழுதிச் செம்பில் போட்டுக் குலுக்கினோம். என் கேரக்டர் ஒரு மந்திரவாதி. அவனுடைய ஹிட் பாயிண்டுக்கு, அதாவது எவ்வளவு அடி தாங்குவான் என்ற எண்ணுக்கு, நாலு முகப் பகடை வேண்டும். ஆச்சியின் பித்தளைத் தாயக்கட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டோம். வெறும் பக்கம் விழுந்தால் நாலு. எனக்கு விழுந்தது இரண்டு. இரண்டே ஹிட் பாயிண்ட், ஒரு நாளைக்கு ஒரே ஒரு மந்திரம். அவனை மூன்றாம் லெவலுக்குக் கொண்டுபோக ஏழு மாதம் ஆனது.

சண்டை போடாமல்தான் பிழைத்தான். அந்த விதிகளில் பத்திரமாக வெளியே கொண்டு வந்த ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி; அது சேர்ந்தால்தான் லெவல் ஏறும். கொன்றதற்குக் கிடைப்பது சொற்பம். தீப்பந்தம் ஆறு டர்ன், அதாவது ஒரு மணி நேரம்தான் எரியும். எதிரே வருவதெல்லாம் அடிக்கத்தான் வருகிறது என்பதும் இல்லை. இரண்டு ஆறு முகப் பகடையை உருட்டி அதன் மனநிலையைப் பார்ப்பார்கள். கூட்டுத்தொகை இரண்டு என்றால் பாய்ந்துவிடும், பன்னிரண்டு என்றால் சிநேகம். நடுவில் விழும் எண்களில்தான் எனக்கு ஆட்டமே இருக்கிறது. ஆரியங்காவு ரயில் குகையை மனதில் வைத்து அண்ணன் வரைந்த சுரங்கத்தில் ஒருநாள் ஆறு கோப்ளின்கள், அதாவது குள்ளப் பூதங்கள், எதிரே வந்தன. ஏழு விழுந்தது. என்ன செய்வதென்று அவற்றுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. மூட்டையிலிருந்த கருவாட்டை எடுத்து நீட்டினேன். அண்ணன் அதை வாங்கி மோந்து பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, கோப்ளின் தலைவனாக மலையாளத்தில் விலை பேச ஆரம்பித்தார். கடைசியில் மூன்று கருவாட்டுக்குப் பின்வழி காட்டின. கதவுக்கு அந்தப் பக்கம் சாவு நிற்கிறது என்ற பயம் இல்லாவிட்டால் எனக்குக் கருவாட்டு யோசனையே வந்திருக்காது.

இப்போது போன மாத ஆட்டத்துக்கு வருகிறேன். ஆகர் என்னும் பெரிய பூதம் தடியை ஓங்கியது. என் வீரனிடம் ஒன்பது ஹிட் பாயிண்ட் மிச்சம். மறைப்புக்குப் பின்னால் உருண்ட பகடை ஓரமாக வெளியே எட்டிப் பார்த்தது. பத்தொன்பது: அடி விழுந்திருக்க வேண்டும். டி.எம். என் முகத்தைப் பார்த்தார், பகடைமேல் கையை வைத்தார், "தப்பிச்சிட்டீங்கண்ணே" என்றார். என்மேல் உள்ள பிரியத்தில்தான் செய்தார், எனக்குத் தெரியும். ஆனால் அதன்பிறகு அன்று முழுக்க எனக்கு ஆட்டத்தில் மனம் ஒட்டவில்லை. அதற்கு முன்னால் நான் தப்பித்ததெல்லாம் நிஜமாகவே தப்பித்ததுதானா என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதே யோசனை.

நாம் ஆடும் 2014 பதிப்பைக் குறை சொல்லவில்லை. சாதகமான நேரத்தில் இரண்டு பகடை உருட்டி பெரியதை எடுக்கும் விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதில் ஹிட் பாயிண்ட் பூஜ்யத்துக்கு வந்தவுடன்கூடப் பெரும்பாலும் உயிர் போவதில்லை. சாவை எதிர்த்து உருட்டி, மூன்று முறை தவறினால்தான் முடிவு. அந்த உருட்டலையாவது எனக்குக் கொடுத்திருக்கலாம்.

கேரக்டருக்கு இரண்டு பக்கத்துக்கு முன்கதை எழுதி வருவதும் எனக்கு ஒத்துவரவில்லை. நம் ஆள் யார் என்பது மேசையில்தான் தெரியவேண்டும்.

ஆகவே கேட்கிறேன்: முதல் லெவலில் தொடங்குவோம். மறைப்பை எடுத்துவிடுங்கள். மனநிலைப் பகடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் வேண்டாம், நாலு ஞாயிறு ஆடிப் பார்ப்போம். பிடிக்கவில்லை என்றால் உங்கள் முடிவுப்படியே ஆடுகிறேன். வரும் ஞாயிறு வெற்றுக் கேரக்டர் தாள்கள் அச்செடுத்து வருகிறேன், ஆள் போனால் அடுத்த தாளுக்கு யாரும் காத்திருக்க வேண்டாம். ஆச்சியின் தாயக்கட்டையும் பையில் இருக்கும்.

அன்புடன்,
மேசையின் தெற்கு மூலையில் உட்காரும் அண்ணன்