முதல் தனி அல்பத்துக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

அல்பம் வெளிவந்துவிட்டது. ஆங்கிலத்தில் ராப் செய்கிறவன் நன்றியை மட்டும் ஏன் தமிழில் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். உதவியவர்களில் பாதிப்பேர் என்னைத் தமிழில்தான் திட்டினார்கள், பதிலும் தமிழிலேயே போகட்டும். பெயர்கள் அல்பத்தின் கிரெடிட்டில் இருக்கின்றன. இங்கே எழுதப்போய் ஒருவரை விட்டுவிட்டால் அம்மாவுக்குத்தான் போன் வரும்.

முதலில் என் பழைய குழுக்காரர். குழுவாகப் பாடியபோது என் பதினாறு வரியை முடித்துவிட்டு மைக்கைக் கொடுத்தால் போதும். அடுத்தவன் பாடும் நேரத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். தனியே என்றால் பாட்டின் மூன்று வெர்ஸும், அதாவது மூன்று பத்தியும், நானே. அவ்வளவையும் எழுதுவது ஒரு பாடு, மேடையில் பாடி முடிப்பது அதைவிடப் பெரிய பாடு. பிரிந்து போகிறானே என்று கோபிக்காமல், ஒத்திகைக்கு வந்து எதிரே நின்று, எந்த வரியில் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று பேப்பரில் குறித்துத் தந்தார்கள். அந்த இடங்களில் சொற்களைக் குறைத்தேன். பாட்டும் நல்லாய் வந்தது. குழுவுக்கென்று எடுத்துவைத்த ஒரு பீட்டையும், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடும் இசையையும், கொடுத்துவிட்டார்கள், அதற்கு என்ன கேட்கப்போகிறார்களோ தெரியாது.

அப்புறம், குரலையும் பீட்டையும் அளவாகச் சேர்த்து மிக்ஸ் செய்த அண்ணா. பகல் வேலை முடித்து வந்து, இரவில் ரொறன்ரோவின் ஸ்காபுறோவில் தன் வீட்டு பேஸ்மென்டில் உட்காருவார். என் குரலைக் கூட்டுங்கள், கூட்டுங்கள் என்று நான் நச்சரிப்பேன். அவர் குரலைத் தொடமாட்டார். பீட்டில் குரலோடு முட்டுகிற பகுதியை மட்டும் கொஞ்சம் வெட்டுவார், குரல் தானாக முன்னுக்கு வந்து நிற்கும். பிறகு காரில் போட்டுக் கேட்டுவிட்டு வா என்பார். நல்ல ஸ்பீக்கரில் எல்லாப் பாட்டும் நல்ல பாட்டுத்தானாம்.

கணக்குவழக்குப் பார்த்த அக்காவைப் பற்றி யாரும் பாட்டு எழுதமாட்டார்கள். நானே எழுதவில்லை. ஆனால் பாட்டின் வருமானத்தில் யாருக்கு எத்தனை வீதம் என்று எழுதி, பீட் செய்தவர், பாடியவர் எல்லோரிடமும் கையெழுத்து வாங்காமல் ஒரு பாட்டையும் அவர் வெளியே விடவில்லை. பாட்டை எழுதியதற்கான காசு சோகான் என்ற கனடிய உரிமைத்தொகை அமைப்பு வழியாக வரும், வானொலியில் ஒலித்த பதிவில் குரல் கொடுத்ததற்கான காசு ரீசவுண்ட் என்ற வேறொரு அமைப்பு வழியாகத் தனியே வரும், இரண்டுக்கும் வேறுவேறாகப் பதியவேண்டும் என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். லேபிள் என்கிற இசை நிறுவனம் இல்லாமல் தனியே இறங்குகிற தம்பி தங்கையர் ஸ்டூடியோவுக்குப் போகுமுன் இப்படி ஒருவரைத் தேடிப்பிடியுங்கள்.

என் பாட்டைப் போட்ட பல்கலைக்கழக வானொலிக்காரருக்கும் நன்றி. 2001இல் புளோ 93.5 வரும்வரை ரொறன்ரோவில் ஹிப்ஹொப்புக்கென்று ஒரு வணிக வானொலி இருக்கவில்லை. அதுவரைக்கும் சி.கே.எல்.என், சி.ஐ.யு.ரி போன்ற வளாக வானொலிகளில் தொண்டர்கள்தான் இந்த இசையைக் காப்பாற்றினார்கள். இப்போதும் பெயர் தெரியாதவனின் பாட்டை முழுசாகக் கேட்டுப்பார்க்கிறவர்கள் அவர்கள்தான். எனக்கு முன்னே பாதை வெட்டியவர்களையும் சொல்லவேண்டும். 1998இல் வன்கூவரின் ராஸ்கல்ஸ் என்ற ராப் குழு தங்களுக்குக் கிடைத்த ஜூனோ விருதை, அதாவது கனடாவின் பெரிய இசை விருதை, வேண்டாம் என்றது. ராப் விருதைத் தொலைக்காட்சியில் காட்டாமல் ஒதுக்கிவைத்திருந்தார்கள். அடுத்த வருடம் அதே விருது ஒளிபரப்பு மேடைக்கு வந்தது. அந்த வீம்பு எனக்குப் பிடிக்கும்.

அம்மம்மாவுக்கு. ஒரு பாட்டின் தொடக்கத்தில் வரும் குரல் அவருடையது. முழுப் பாட்டையும் கேட்டுவிட்டு, "ஏன் இந்த ஓட்டம் ஓடுறாய், ஆரும் துரத்துறாங்களோ?" என்றார். விமர்சனம் எழுதுகிறவர்கள் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லட்டும் பார்ப்போம்.

அலுமாரிக்குள் போர்வை தொங்கவிட்டு ஒலிப்பதிவு செய்தபோது குக்கர் விசிலைக்கூட எனக்காகத் தள்ளிவைத்த அம்மாவுக்கு என்ன எழுதினாலும் போதாது. சாப்பிட வருகிறேன்.

கடைசியாக, ஐந்தாவது பாட்டில் கெட்ட வார்த்தைகள் உண்டு. கோயிலில் என்னைக் கண்டு சுகம் விசாரிக்கும் மாமிமார் நான்கிலிருந்து நேரே ஆறுக்குப் போய்விடுங்கள். அம்மாவிடம் சொல்லிக்கொடுக்க நினைத்தால் பிரயோசனமில்லை, அவர் கேட்டுவிட்டார்.